றொபின்சனுக்கு ஒரு சாட்சி

— குடிச்சவன் எண்டே எழுதுங்கோ, பிள்ளை.

— பூபாலசிங்கம் சார், அப்படிச் சும்மா எழுத முடியாது. றொபின்சன் சார் சிகிச்சை முடிச்சு வந்து அஞ்சு வருஷமாச்சு. இதுல என்னைக்குக் குடிச்சார்? நீங்க பார்த்தீங்களா?

— பாக்கேல்லை. மூண்டு மாசம் தாங்கமாட்டான் எண்டு எங்கட பியர்பொன்ட்ஸ் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவன் நான். இப்ப அவன் வெண்டிட்டான் எண்டு என்ர வாயாலயே சொல்லச் சொல்லுறியள்.

— நான் வெறும் ஸ்டூடன்ட், சார். ஸ்நேகா. குடியை விட்டவங்களை இத்தனை வருஷம் எது தாங்கிப் பிடிக்குதுன்னு எங்க யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றோம். அவர் சொல்றது நிஜமான்னு சரிபார்க்க உங்க பேரையும் ஃபோன் நம்பரையும்தான் கொடுத்திருக்கார்.

— அதுதான் எனக்கும் விளங்கேல்லை. வேற ஆளே கிடைக்கேல்லையே அவனுக்கு? என்ர மகள்ட கலியாணத்தில மைக்கைப் பறிச்சு, மாப்பிள்ளையின்ர பேரை மாத்திச் சொல்லி வாழ்த்தினவன், பிள்ளை! அதுவும் முதல் பொம்பிளை கேட்டு வந்து நாங்கள் வேண்டாமெண்ட பெடியன்ர பேரை!

— ஐயோ! அன்னைக்கு அவருக்கு யார் சார் ஊத்திக் கொடுத்தது?

— அது... நான்தான். அதை எழுதாதேங்கோ.

— சரி. அவருக்குக் குடிக்காத ஃப்ரெண்ட்ஸ் எத்தனை பேர்?

— போத்தல் இருக்கேக்க நாப்பது பேர் சுத்தி நிண்டவங்கள். இப்ப சேர்ச்சில அக்னெஸ் டீச்சர் மட்டும்தான் நிண்டு கதைக்கிறா.

— வேலை?

— லாசாலில பெட்டி அடிக்கிற ஃபக்டரி. எனக்குப் பக்கத்து மெசின். குடிச்சிட்டுக் கார் ஓடி லைசென்சைப் பறிகுடுத்தவன், நான்தான் விடிய ஏத்திக்கொண்டு போறன்.

— உங்களுக்குத்தான் அவரைப் பிடிக்காதே, சார்!

— பிடிக்காதுதான். சிகிச்சை முடிஞ்சு வந்த கிழமையே என்ர வாசலில வந்து நிண்டவன். ‘அண்ணை, தினமும் காரில என்ர வாயை மணந்து பாருங்கோ. சாராய மணம் வந்தா நடு றோட்டில இறக்கி விடுங்கோ’ எண்டான். அவனை நடு றோட்டில இறக்கி விடுறதெண்டா எனக்கு எவ்வளவு சந்தோசம்! ஓம் எண்டிட்டன்.

— தினமும் மணந்து பார்த்தீங்களா?

— அஞ்சு வருசம்! பனிக்காலத்தில கண்ணாடி பூட்டின கார், ஒரு சொட்டெண்டாலும் தப்பேலாது. பார்ட்டியள்ள கோலாவை வைச்சிட்டு அங்கால திரும்பினானெண்டா, எடுத்து ஒரு வாய் குடிச்சுப் பாப்பன். ஒரு கிறிஸ்மஸுக்கு அவன்ர வீட்டுக் குப்பைப் பெட்டியையும் கிளறினனான். நெக்டோ சோடாப் போத்தல்தான் கிடந்தது, சனியன்.

— அப்போ குடிக்கலைன்னு எழுதவா?

— பொறுங்கோ, பிள்ளை, டீவியைக் குறைச்சுப்போட்டு வாறன்.

— சார்? லைன்ல இருக்கீங்களா?

— குடிக்கேல்லை. எழுதுங்கோ, பிள்ளை. ஒரு சொட்டும் இல்லை. அட கோதாரி, சொல்லிப்போட்டன்!

— ரொம்ப நன்றி, சார். ஒரே ஒரு கேள்வி, இது உங்களைப் பத்தி. நீங்க குடிப்பீங்களா?

— என்ன கேள்வி கேக்கிறியள்? மற்றவன்ர வாயை மணக்கிறதெண்டா என்ர வாய் துப்புரவா இருக்க வேணுமெல்லோ? முதல் நாள் என்ர நாத்தம்தான் கார் முழுக்க அடிச்சது, அவன்ர ஒண்டும் பிடிபடேல்லை. அண்டைக்கே நிப்பாட்டிப்போட்டன்.

— அதுக்கு முன்னாடி?

— அதுக்கு முன்னம்... ஜெயமதி, நீ அங்க நிண்டு சிரிக்காதை! கொஞ்சம் கூடத்தான், பிள்ளை. என்ர மனுசி, இவள் ரெண்டு தரம் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு தமக்கை வீட்டை போனவள். இப்ப அப்பிடியொண்டும் இல்லை. அந்தப் புண்ணியமும் அவனைப் பிடிக்கவெண்டு திரிஞ்சதாலதான்.

— சார், ‘ஏன் இவரைச் சாட்சியாத் தேர்ந்தெடுத்தீங்க’ன்னு எங்க ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு. அஞ்சு வருஷம் முடிஞ்சதும் பதிலை உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்னு அவர் சிகிச்சை முடிஞ்சப்பவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். படிக்கட்டுமா?

— படியுங்கோ. என்ன புளுகி வைச்சிருக்கிறான் எண்டு பாப்பம்.

— ‘அண்ணை என்னிலும் கூடக் குடிக்கிறவர். புத்தி சொன்னா அடிக்க வருவார். என்னைக் கையும் களவுமாப் பிடிக்கிற வேலையைக் குடுத்தா, அதுக்காகக் குடியையும் விடுவார்.’