ஊன்றுகோலுக்கு ஏற்ற ரப்பர்

இந்த மேசை ஆடுகிறது, சார். கால் ஒன்றின் அடியில் காகிதத்தை மடித்துச் செருகியிருக்கிறீர்கள். அது நாலு நாளில் நசுங்கிவிடும். முன்பே தெரிந்திருந்தால் நல்ல வில்லையாக ஒன்று கொண்டுவந்திருப்பேன். என் தொழிலே அதுதான். பார்க்க ரப்பர் மாதிரி இருக்கும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் நாங்களே கலந்து வார்க்கும் பாலிமர். சாதாரண ரப்பர், தட்டினால் துள்ளும். நான் செய்வது துள்ளாது. வாங்கிய அடியை உள்ளேயே விழுங்கி, லேசான சூடாக மாற்றி, ஒன்றுமே நடக்காததுபோல இருந்துவிடும். பதினாறு ஆண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தவனுக்கு அது பெரிய வித்தை அல்ல.

மாமனார் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். மைதானத்தின் மறுகோடியில் நிற்பவனை விசில் இல்லாமலே திரும்ப வைக்கும் குரல். விருந்தாளி வந்தால், "இவருதான் நம்ம ரப்பர் மாப்பிள்ளை. எந்தப் பக்கம் இழுத்தாலும் வருவாரு" என்று என்னை அறிமுகப்படுத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை; இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பக்கவாதம் வந்து அவருடைய பேச்சைக் கொண்டுபோய்விட்டது. நாக்குதான் போயிற்று, அதிகாரம் போகவில்லை. மாடி அறையில் இருந்தபடி, ஊன்றுகோலின் நுனியில் மாட்டியிருந்த ரப்பரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறுங்கோலால் தரையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் கழிப்பறை. விடாமல் தட்டினால் பொழுது போகவில்லை என்று அர்த்தம். என் மனைவி அவருக்கு ஒரே பெண். கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி ஓடுவாள். நான் தொடங்கிய பேச்சு அந்தரத்தில் நிற்கும். இறங்கி வந்து, "என்னமோ சொல்லிட்டு இருந்தீங்களே?" என்பாள். அதற்குள் எனக்கே மறந்திருக்கும்.

அதனால்தான் அந்த அறைத் தரையை நானே செய்துதருவதாகச் சொன்னேன்.

"லாரி போற அதிர்வு கட்டில் வரைக்கும் வருது. மாமாவுக்குத் தூக்கம் கெடுது. தரைக்கு அடியில நம்ம ரப்பரைப் போட்டுடறேன்."

"அப்பாவுக்காகவா செய்றீங்க?" அவள் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு மட்டும் அவர விட்டா யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு அளவு நாடாவோடு மாடி ஏறினேன்.

ஒவ்வொரு கலவைக்கும் நன்றாக விழுங்கக்கூடிய அதிர்வு என்று ஒன்று உண்டு, சார். லாரியின் உறுமல் ஒரு வகை, கோலின் தட்டு வேறு வகை. லாரிக்கான கலவை கைவசம் தயாராகவே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. மாமனார் அறைக்கு நேர் கீழே என் அறை. அதன் கூரையில் அதிர்வு அளக்கும் கருவியை ஒட்டி, அவருடைய தட்டுகளைப் பதிவுசெய்து, அவற்றுக்கென்றே புதிதாக ஒன்றை வார்த்தேன். லாரி போகும்போது கட்டில் பழையபடி அதிர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை.

இனி அப்பா தட்டினால் கீழே சத்தம் கேட்காமல் போய்விடுமே என்றாள் மனைவி. நியாயமான கவலை. மின்சார மணி வாங்கி, அதன் பொத்தானைக் கட்டில் தலைமாட்டில் பொருத்தினேன்.

"ஜன்னல் பக்கமும் ஒண்ணு வைக்கலாமே? அப்பா பாதி நேரம் அங்கதான உக்காந்திருக்காரு."

வயர் தரையில் ஓடினால் கால் தடுக்கும் என்றேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வேலை முடிந்த அன்று மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, கோணிய வாயால் சிரித்தார். வீடு அமைதியாயிற்று. நானும் மனைவியும் ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடித்தோம். பெரிதாக ஒன்றுமில்லை, ஒழுகுகிற குழாயைப் பற்றி.

அவர் விழுந்த பிற்பகலில் அவள் சமையலறையில் இருந்தாள். நான் கணினி முன்னால். கருவியைக் கழற்றவில்லை, செய்த பொருள் எப்படி வேலைசெய்கிறது என்று பார்க்காதவன் என்ன தொழில்காரன்? திரையில் தட்டையாக ஓடிய கோடு ஒருமுறை பெரிதாகப் புரண்டது. ஆள் விழுந்த அதிர்வு. பிறகு சின்னச் சின்ன மேடுகள். முதலில் ஒன்று. அப்புறம் இரண்டு. அப்புறம் விடாமல். பொழுது போகவில்லை என்று அர்த்தம், சார். அவரே வகுத்த கணக்கு.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தலைக்கு மேலே ஒரு மனிதர் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டித் தட்டுகிறார். கீழே பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும்தான். இத்தனை வருடத் தொழிலில் அப்படியொரு முடிவு எனக்குக் கிடைத்ததில்லை. மேடுகள் தணிந்தன. இடைவெளி நீண்டது. கோடு மறுபடி தட்டையாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சோதனையை நடுவில் கலைக்கக் கூடாது.

மாலையில் மனைவி மருந்தோடு மாடி ஏறினாள். ஜன்னலடியில் கிடந்தார். தரையில் ஒரே இடத்தில் கோல் கொத்திய பள்ளங்கள். அவற்றைத்தான் உங்களிடம் காட்டியிருக்கிறாள். நீங்கள் நல்ல மனிதர். அளவு தவறிப்போய் ரப்பரை அதிகமாகப் போட்டுவிட்டேன் என்று எழுதிக்கொள்ளலாமா என்கிறீர்கள். அதற்கு மட்டும் நான் கையெழுத்துப் போட முடியாது. அளவில் பிழையே இல்லை.

ஒன்றுதான் மனதை உறுத்துகிறது. உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் கேட்டாள்: "கீழதான இருந்தீங்க? ஒரு தட்டுகூடவா கேக்கல?"

"கேக்கலம்மா" என்றேன்.

இப்போது என்னைப் பொய்யன் என்கிறாளாம். கல்யாணமான நாள் முதல் அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை, சார். ஒன்றுகூடக் கேட்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.