ரசமட்டம்

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வீட்டிலேயே கியர் ஆயில் மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. சோறு வடிக்கத் தெரிந்தவன் மாற்றிவிடலாம். ஒர்க்ஷாப்காரர்கள்தான் என்னவோ நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்வதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

என் பெயர் சேனாதிபதி. நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக முப்பத்தோரு வருடம் இந்த மலைப்பாதையை அளந்து ஓய்வு பெற்றவன். செண்பகனூரில் சொந்த வீடு. மதுரையில் ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய எஸ்யூவியை வாங்கினேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியது. நான் மூன்று லட்சம் என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். உள்ளதை உள்ளபடி சொன்னால் டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துபோகும்.

மயில்சாமிக்கு அது பிடிபடவே இல்லை. என்னிடம் இருபத்தாறு வருடம் அளவுக்கம்பு பிடித்தவன். நான் மட்டக்கருவியில் கண்ணை வைத்து எண்ணைச் சொல்வேன். அவன் எதிரில் கம்போடு நின்றுகொண்டு, "அண்ணே, இன்னொருக்கா பாருங்க" என்பான். பார்த்தால் அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும். வேலையில் அது நல்ல குணம். டீக்கடையில் அது வியாதி.

மண்சரிவில் பதினோரு பேரைத் தோளில் தூக்கி வந்தேன் என்று நான் சொன்னால், பெஞ்சின் மறுமுனையிலிருந்து, "மூணு பேருண்ணே. அதுல ஒருத்தரு அவராவே நடந்து வந்தாரு" என்பான். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. எண்ணிக்கை தப்பக்கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு.

போன ஆகஸ்டில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். இருநூறு பிள்ளைகள். வெறும் அளவு டேப்பைச் சுழற்றிச் சிறுத்தையை விரட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வாயை மூட மறந்திருந்தார்கள். பின்வரிசையில் மயில்சாமி எழுந்து நின்றான்.

"அண்ணே, அது மேஸ்திரி வீட்டு நாயிண்ணே. ஒரு பிஸ்கட்டுப் போட்டோம், போயிருச்சு."

இருநூறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். கோபத்தில் செய்த முடிவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். கதையை முடித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டுதான் மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்டோபரில் அவன் மகள் தாரணிக்கு மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் குழந்தை பிறந்தது. சனிக்கிழமை போய்ப் பேரனைப் பார்க்க வண்டி கேட்டான். ஆயில் மட்டும் மாற்றிவிட்டுத் தருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, அடியில் நுழைந்து போல்ட்டைக் கழற்றினேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் எப்படி வந்தது என்றால், பக்கத்தில் காக்கையை நிறுத்தினால் காக்கை நல்ல சிவப்பு என்று பெண் கொடுப்பார்கள். பேசினில் பிடித்து அளந்தேன். நான்கு லிட்டர். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவு ஊற்ற வேண்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, சமதளத்தில் வைத்து, அளவுக்குச்சியை உருவிப் பார்க்க வேண்டும்.

சமதளம். இந்த ஊரில் எந்த வீட்டு வாசல் சமமாக இருக்கிறது? என் வாசல் எட்டுக்கு ஒன்று சரிவு. வண்டி மூக்கைக் கீழே வைத்து நின்றால், உள்ளே இருக்கிற கொஞ்ச ஆயிலும் முன்பக்கம் ஒதுங்கிக் குச்சியில் முழு அளவு காட்டும்.

ஒன்றரை லிட்டர் ஊற்றினேன். குச்சி முழு அளவு காட்டியது.

அந்த நேரம் பார்த்து மயில்சாமி வந்தான். குச்சியைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான்.

"அண்ணே, வண்டி சரிவுல கெடக்கே. இதுல பாத்தா கூடக் காட்டாதா?"

"ஏலே, சரிவுக்கும் சேத்துக் கணக்குப் போட்டுத்தான் ஊத்திருக்கேன். போய் ஒஞ் சோலியப் பாரு."

தலையைச் சொறிந்தான். "நீங்க சொன்னா சரிதாண்ணே."

இருபத்தாறு வருடத்தில் இன்னொருக்கா பாருங்க என்று கேட்காமல் என் அளவை அவன் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு மனம் இளகாமல் இல்லை. அதனால்தான் மறுநாள் அத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். இறக்கத்தில் கீழ் கியரில் போட்டுக்கொள், வண்டியே தன்னைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைச் சும்மா மிதிக்காதே என்று. ஆயில் குறைந்த கியர் பிடிக்காது. ஏற்றமாக இருந்தால் வண்டி இழுக்காமல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். என் வாசலிலிருந்து மலையடிவாரம் வரை பெரும்பாலும் இறக்கம்தான். கியர் கைவிட்டது தெரிகிறபோது பிரேக் ஒன்றுதான் மிச்சம். கொஞ்ச தூரத்தில் அதுவும் சூடேறி வலுவிழந்துவிடும்.

அவன் மனைவி இருளாயி கூட வருவாள் என்பது நான் எதிர்பாராதது. ஒரு பை நிறைய மலைப்பூண்டோடு வந்தாள்.

"பிள்ள பெத்தவளுக்குப் பாலு ஊறணும்லண்ணே" என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

அப்போது நான் எதையாவது சொல்லியிருக்கலாம். சொன்னேன். "கதவ நல்லாச் சாத்தும்மா" என்றேன். அவளுக்குச் சாத்த வரவில்லை. நானே போய் அடித்துச் சாத்தினேன்.

டம்டம் பாறைக்கு மேலே உள்ள வளைவு. நாற்பத்திரண்டு மீட்டர் பள்ளம். வண்டி உடைத்துக்கொண்டு போன தடுப்புச்சுவரைக் கட்டும்போது நானும் மயில்சாமியும் சேர்ந்து அளந்த ஆழம் அது. மயில்சாமி அங்கேயே போய்விட்டான். இருளாயியை ஒரு மரம் தாங்கிக்கொண்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சரிவெங்கும் பூண்டு சிதறிக் கிடந்ததாம்.

இதையெல்லாம் நானே ஸ்டேஷனுக்கு வந்து ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "பாவம், வயசாளி. சரிவுல வச்சு அளவு பாத்துட்டாரு." முப்பத்தோரு வருடம் மட்டம் பார்த்தவனுக்குத் தன் வாசல் சரிவு தெரியவில்லையாம். நானும் பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. என் அலமாரியில் ரசமட்டம் இருக்கிறது. வியாழக்கிழமையே அதை வாசலில் வைத்துச் சரிவைக் குறித்துக்கொண்டேன். மீதி இரண்டரை லிட்டர் ஆயிலும் டப்பாவில் அப்படியே இருக்கிறது.

நீங்களோ பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். கூடுதலாக வாங்கிய ஆயிலாக இருக்கும் என்கிறீர்கள். மனசு நொந்து பேசுறீங்க பெரியவரே, வீட்டுக்குப் போங்க என்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் இருளாயியிடமும் விசாரித்தீர்களாம். அவள் சொன்னாளாம்: "அண்ணன் எப்பவும் ஒண்ண ஒம்பதாச் சொல்லுவாரு சார். எங்க மேல உசுரு. அவரு பேச்சப் பெருசா எடுத்துக்காதீங்க."

கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை, ஐயா. நான்கு வடித்தேன். ஒன்றரை ஊற்றினேன். அவன் சாக வேண்டும் என்றுதான் ஊற்றினேன். சந்தேகமிருந்தால் மயில்சாமியைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று இப்போது வாய் வரைக்கும் வந்துவிட்டது. இந்தத் தடவை அண்ணன் சொல்வது சரிதான் என்று சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான்.