நீலப் பொடி ஒரு கரண்டி

டாக்டர்: எச்சம் என்ன நிறம்னு சொன்னீங்க?

மனைவி: நீலப் பச்சை. நாலு நாளா ஒண்ணும் தீனியத் தொடல டாக்டர். முந்நூறு கோழியும் மூலையில சுருண்டு...

கணவன்: முந்நூறு இல்ல, இருநூத்தித் தொண்ணூத்தெட்டு. நேத்து ரெண்டு போயிடுச்சுன்னு அந்த அம்மாகிட்ட சொல்லுங்க டாக்டர்.

மனைவி: எனக்கும் எண்ணத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லுங்க.

டாக்டர்: இன்னுமா நீங்க பேசிக்கல? போன வாரம் வந்தப்பவும் இதே கூத்துதானே!

மனைவி: என் நொண்டிக் கோழிய என்னைக் கேக்காம வித்தார் டாக்டர்!

கணவன்: அது முட்டை போட்டு ஒரு வருஷம்...

டாக்டர்: பஞ்சாயத்து அப்புறம். செத்ததுல ஒண்ண அறுத்திருக்கேன், இங்க பாருங்க. இதுதான் தீனி அரைக்கிற பை. உள்பக்கம் வழவழன்னு இருக்கணும்.

மனைவி: ஐயோ... மரப்பட்டை மாதிரி வெடிச்சுக் கிடக்கே!

டாக்டர்: எல்லாம் செம்பு பண்ற வேலை. அளவா இருந்தா கோழி தேறும். மிஞ்சினா பையே புண்ணாயிடும். புண்ண வச்சுக்கிட்டு எப்படித் தின்னும்? பூஞ்சைக்கு மயில்துத்தம் போடச் சொன்னேனே, அந்த நீலச் செம்புப் பொடி... தெனம் எவ்வளவு போட்டீங்க?

கணவன்: நீங்க சொன்ன சின்னக் கரண்டியில ஒண்ணு. ஒரு சிட்டிகை அதிகமில்ல.

டாக்டர்: என்னம்மா, திருதிருன்னு முழிக்கறீங்க?

மனைவி: இவரா போட்டார்? இவர் எங்க போடப் போறார்னு நான்... காலையில தண்ணியில ஒரு கரண்டி...

கணவன்: நீயா! கோவத்துல கொட்டகைப் பக்கமே நீ எட்டிப் பாக்க மாட்டேன்னு நெனச்சுல்ல நான் சாயங்காலம் தீனித் தட்டுல...

மனைவி: ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?

கணவன்: நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா செவுத்துக்கிட்டயா சொல்றது?

டாக்டர்: அட, பேசிட்டீங்களே!

மனைவி: சிரிக்காதீங்க டாக்டர். மிச்சம் பிழைச்சுக்குமா?

டாக்டர்: பெரும்பாலும் தேறிடும். பொடிய நிறுத்துங்க. வெறும் தண்ணி வைங்க. அப்புறம்... அந்தத் தீனி மூட்டையெல்லாம் அப்படியே ஓரமா வச்சுடுங்க.

கணவன்: மூட்டையில நான் எதுவும் கலக்கலையே. ரெண்டு மூட்டை வாயே பிரிக்கல.

டாக்டர்: அதுவும் வேண்டாம்.

மனைவி: பிரிக்காத மூட்டைய ஏன் வேண்டாங்கறார் இவர்?

கணவன்: அதானே... டாக்டர், ரெண்டு கரண்டிக்கே பை இப்படி வெடிச்சுடுமா?

டாக்டர்: இவ்வளவு... வெடிக்காதுதான்.

மனைவி: அப்ப மூணாவது கரண்டி யாரோடது? ஏன் மருந்துப் பெட்டிய மூடறீங்க? டாக்டர்!

டாக்டர்: நீங்க ரெண்டு பேரும் இருந்த இருப்புக்கு யாருமே போடமாட்டீங்கன்னு நெனச்சு... தீவனம் அரைக்கிறவர்கிட்ட மூட்டையிலயே பொடியக் கலந்து அனுப்பச் சொன்னது நான்தாம்மா.