பச்சை விளக்கு

காரில் ஏசியைப் போட்டதும் ஊறிக் கிடந்த துணியின் வாடை அடித்தால் பயப்பட ஒன்றுமில்லை. எல்லா வண்டிக்கும் ஒருநாள் வருகிற தொல்லைதான். டாஷ்போர்டுக்குள்ளே கூலிங் காயில் என்று ஒன்று இருக்கிறது. ஏசி ஓடும்போது அதன் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். நாம் வண்டியை அணைத்துவிட்டுப் போய்விடுவோம். ஈரம் இருட்டில் அப்படியே கிடந்து பூஞ்சை பிடிக்கும். மறுநாள் அந்தப் பூஞ்சையைத் தொட்டுக்கொண்டுதான் காற்று நம் மூக்குக்கு வருகிறது. இதற்கென்றே தீப்பெட்டி அளவில் ஒரு மாட்யூல் வந்திருக்கிறது. வண்டி நின்ற பிறகு, காற்றைத் தள்ளுகிற ப்ளோயரைத் தானாகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் காயிலைக் காயவைத்துவிடும். நாலைந்து வயர்தான். பொறுமை இருந்தால் போதும்.

ஊரில் பலருக்கு நான் அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு நின்று அவளை ஆளாக்கினேன். பாப்பா என்றுதான் கூப்பிடுவேன், நாற்பதை நெருங்கிய பிறகும். அவளுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களையும் நானே பேசி அனுப்பிவிட்டேன். ஒருவன் சத்தமாகச் சாப்பிட்டான். இன்னொருவனுக்கு வெளியூரில் வேலை. அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொன்னதையேதான் சொல்லியிருப்பாள்.

திடீரென்று கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். நான் இருக்கும்போது எதற்கு என்று கேட்டேன்.

"எத்தனை நாளைக்குத்தான் உன்னையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கறது அண்ணா?" என்றாள்.

வார்த்தையைப் பாருங்கள். தொங்குகிறாளாம்.

கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் கிளட்ச் சார் என்பார்கள். ஒரே ஒரு காரை வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க 'கிளட்ச், கிளட்ச்' என்று கத்திக்கத்தி அந்தப் பெயர். பாப்பா லைசென்ஸ் வாங்கிய கையோடு அவரையே கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். சம்மதமா என்று என்னைக் கேட்கவில்லை.

அவரை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் அது தப்பு. அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமே கிடையாது. என்னை வாய் நிறைய மச்சான் என்பார். "என் கார்ல ரெண்டு பிரேக் மச்சான். வீட்டுல ஒண்ணுதான், அதுவும் உங்க தங்கச்சி கால்கிட்ட இருக்கு" என்பார். பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தார்கள். எனக்குத் தினமும் சாப்பாடு கொடுத்தனுப்புவாள். ஆறிப்போய்த்தான் வந்து சேரும். ஒரு பாத்திரம், ஒரு தட்டு, எதிரில் காலி நாற்காலி. கல்யாணமாகாத உங்களுக்கு இது புரியலாம். ஆனவர்களுக்குப் புரியாது.

போன மழைக்காலத்தில் இரண்டு பேருமாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள்.

"அண்ணா, ஸ்கூல் கார்ல ஏசி போட்டா ஒரே பூசண வாடை. இவருக்கு வேற இருமல் விடமாட்டேங்குது. நீ கொஞ்சம் பாரேன்."

"மச்சான், வாடை வண்டியிலயா எங்கிட்டயான்னு முதல்ல பாத்துச் சொல்லிடுங்க" என்றார் அவர். "எங்கிட்டன்னா இவ என்னைத் துவைச்சுக் கொடியில காயப்போட்டுடுவா."

பாப்பா சிரித்தாள். காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கும் வரைக்கும் சிரித்தாள். என் வீட்டில் இருந்த அத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல எண்ணத்தோடுதான் டாஷ்போர்டைத் திறந்தேன். காயில் கருத்துப்போயிருந்தது. தண்ணீர் வெளியே போகிற குழாயும் அடைத்திருந்தது. மாட்யூலைப் பொருத்தினேன். பேட்டரி வயர், எர்த், சாவி வயர் மூன்றையும் சேர்த்ததும் பச்சை விளக்கு எரிந்தது. ப்ளோயருக்குப் போக வேண்டிய வயர் மட்டும் பாக்கி. அதைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் சிரித்தது காதிலேயே இருந்தது. பிறகு அந்த வயரைச் சுருட்டி, முனையில் டேப் சுற்றி, உள்ளே செருகி மூடிவிட்டேன். காயிலைக் கழுவவில்லை. குழாயைக் குத்தி விடவில்லை. மேலாக வாசனை மருந்து அடித்தேன். அந்த வண்டிக்குள் புதிதாக ஒரு கெடுதலையும் நான் வைக்கவில்லை. இருந்ததை இருக்க விட்டேன், அவ்வளவுதான்.

சாயந்தரம் வந்து பச்சை விளக்கைப் பார்த்துப் பாப்பா பூரித்துப்போனாள். "இது ஓடற சத்தமே கேக்கலையே" என்றார் கிளட்ச் சார். நீங்கள் இறங்கிப் போன பிறகுதான் ஓடும் என்றேன். கண்ணாடியை இறக்க வேண்டாம், வெளித் தூசி பட்டால் மாட்யூல் கெட்டுவிடும் என்றும் சொன்னேன். இது பொய். நான் பொய் சொன்னேன் என்று எழுதுவதானால் இதை எழுதலாம்.

வாசனை மருந்து தீர்ந்ததும் வாடை திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் தினமும் அதிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு மூக்கு பழகிவிடும். வாடை போய்விட்டது என்றே அவர் எல்லோரிடமும் சொன்னார். என் கைவேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்.

இருமல் மட்டும் போகவில்லை. மாடிப்படி ஏறினால் இளைத்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது என்றார். எங்காவது ஈரம், பூஞ்சை உண்டா என்று கேட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"கார்ல இருந்துச்சு டாக்டர். அதை எங்க அண்ணன் அப்பவே சரி பண்ணிடுச்சு" என்றாள் பாப்பா.

அப்படியென்றால் வீட்டைப் பாருங்கள் என்றுவிட்டார் டாக்டர். பாப்பா மெத்தையைத் தூக்கிப் போட்டாள். திரைச்சீலைகளைக் கிழித்தெடுத்தாள். அவர் ஆசையாக வளர்த்த இரண்டு கிளிகளையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, காலிக் கூண்டைப் பார்த்து அழுதாள். சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தது நான்தான். இரண்டு நாள் லீவு போட்டு அடித்தேன். கிளட்ச் சார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்கு வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடும். நிறுத்தி, வாங்கி, மறுபடி சொல்வார்.

வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த நாட்களில் அவருக்கு நன்றாகத் தேறியது. இருமல் குறைந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து என் வீட்டுக்கே வந்தார். வெள்ளையடித்ததுதான் காரணம் என்று பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். காரணம் அது இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாமல் அந்த வயரையாவது மாட்டியிருக்கலாம். "வீட்டுலயே இருந்தா மனசு விட்டுப்போயிடும் மாப்பிள்ளை. வேலைக்குப் போங்க" என்று சொன்னேன். மறுநாளே போனார்.

அதன் பிறகு அவர் தேறவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அந்தக் காரில்தான். பாப்பா ஓட்டுவாள், அவர் பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருப்பார், ஏசி ஓடும். கடைசியாகச் சேர்த்திருந்தபோது, அவள் மருந்து வாங்கப் போன நேரத்தில், மூக்கில் குழாயோடு என்னைப் பக்கத்தில் வரச்சொன்னார்.

"எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, அவளைத் திரும்பக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள வெச்சிடாதீங்க மச்சான். அவளுக்கு நல்லா ஓட்ட வரும்."

அந்த நிலைமையிலும் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்ததும் பாப்பாவின் அறையைப் பெருக்கி, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுவிட்டுக் கூப்பிடப் போனேன். அவள் வரவில்லை. ஸ்கூலைத் தானே நடத்தப் போவதாகச் சொன்னாள். பெண்கள் சிலர் அவளிடம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தும் விட்டார்களாம். அவர் உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்து, அவர் கத்தியதையே கத்தினாள். கொஞ்ச நாளில் அவளுக்கும் இருமல் வந்தது.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வண்டியைக் கொண்டு வா பாப்பா என்று பலமுறை சொன்னேன். எனக்கு ஏற்கெனவே நிறையச் சிரமம் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, வேறு ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டாள். அங்கே திறந்து பார்த்திருக்கிறார்கள்.

மாட்யூலைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். வேலை மேசையில் வைத்தாள். சுருட்டி டேப் சுற்றிய வயர் அப்படியே இருந்தது.

"அண்ணா, இந்த ஒரு வயரை மாட்ட மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லச் சொல்லி அவள் முகம் கெஞ்சியது. எனக்கு அது தெரியாமல் இல்லை.

"அந்த மெக்கானிக்கும் அதான் சொன்னாரு. ஏதோ அவசரத்துல விட்டிருப்பாங்க, வேலை தெரியாதவங்க செஞ்சதுன்னு."

மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். அழுதிருப்பாள், என்னையும் மன்னித்திருப்பாள். ஆனால் எவனோ ஒருவன் என் வேலையைப் பார்த்து அப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் வேலையில எதையும் மறக்கறவன் இல்ல பாப்பா. தெரிஞ்சேதான் விட்டேன்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா நீங்க..." என்றாள். பிறந்ததிலிருந்து என்னை அவள் நீங்க என்று சொன்னதில்லை. மாட்யூலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

ஆமாம், அவரைக் கொன்றது நான்தான். மெதுவாக, நிதானமாக, கூடவே இருந்து கொன்றேன். இதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. பாப்பாவை மட்டும் ரொம்ப நேரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்காதீர்கள், அவளுக்கு உடம்பு சரியில்லை. இப்போது கோபத்தில் இருக்கிறாள். கோபம் ஆறியதும் என்னைப் பார்க்க வந்துவிடுவாள். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?