காரணம் கயிறு அல்ல

விசாரணை அதிகாரி அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று கூட்ட அறையில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். எதையும் வரிசையாகச் சொல்வது என் பழக்கம். மேசையின் தலைப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே தாங்கள். தங்களுக்கு வலப்பக்கம் பணிமனை மேலாளர், வழக்கம்போல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு. இடப்பக்கம் தட்டச்சு செய்த பெண். சுவரோர பெஞ்சில் பாரம் தூக்கும் குழுவின் ஆறு பேர், ஒருவனைப் பார்த்து ஒருவன் ஒரே தப்பு விடையை எழுதிவிட்டு மாட்டிக்கொண்ட மாணவர்களைப்போல. கதவுக்குப் பக்கத்தில், கால் ஆடும் நாற்காலியில் நான். மேசைமேல் செய்தித்தாளை விரித்து, அறுந்த கயிற்றின் இரண்டு துண்டுகளை வைத்திருந்தார்கள்.

குழுத் தலைவன் வரவில்லை. அவன் செத்ததைப் பற்றித்தான் கூட்டமே.

தங்கள் வரைவு அறிக்கையை மேலாளர் வாசித்தார். தேய்ந்த கயிறு அறுந்து மோட்டார் விழுந்ததென்றும், அந்தக் கயிற்றைக் கொடுத்த ஸ்டோர் பொறுப்பாளரின் கவனக்குறைவே காரணமென்றும் அதில் இருக்கிறது. ஸ்டோர் பொறுப்பாளர் நான்தான். திங்கட்கிழமை தாங்கள் கையெழுத்திடுவதற்குள் அந்த வாக்கியத்தைத் திருத்தவேண்டும். என் பழியைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. கவனக்குறைவு என்ற சொல் எனக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

எங்கள் பழைய கொட்டகைக்குள் கிரேன் நுழையாது. அங்கே பாரத்தைக் கப்பியில் கயிறு போட்டு ஆட்கள்தான் இழுத்துத் தூக்குவார்கள். பல வருடம் அந்தக் குழுவுக்கு நான்தான் தலைவன். முன்னால் நின்று விசில் ஊதுவேன். குட்டையாக ஊதினால் இழு, நீளமாக ஊதினால் கயிற்றை விட்டு இறக்கு. இடையில் எவனும் வாயைத் திறக்கக்கூடாது. மூளையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், கையை மட்டும் கொண்டு வாருங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். பெரும்பாலானவர்களுக்கு வீட்டிலும் வைக்க எதுவும் இருக்கவில்லை.

பணிமனைகளுக்கிடையே வருடா வருடம் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். இதே ஆறு பேர்தான் எங்கள் அணி. அங்கேயும் என் விசில்தான். வருடா வருடம் முதல் சுற்றிலேயே தோற்றோம். களிமண்ணைக் கையில் கொடுத்துவிட்டு வாளைக் காட்டு என்றால் எந்தத் தலைவன் என்ன செய்வான்?

அப்போதுதான் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டார். ஆணையிடும் தலைவர் ஒரு வட்டம், கலந்து பேசும் தலைவர் ஒரு வட்டம். இரண்டாவது வட்டத்தில் ஆட்கள் நன்றாக வேலை செய்வார்களாம். மேலாளருக்கு அந்த வட்டம் பிடித்துப்போயிற்று. அடுத்த மாதமே என்னை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு என் இடத்தில் பஞ்சுவை நிறுத்தினார்.

பஞ்சு என்பது பட்டப்பெயர். குரல் அப்படி. என் மனைவியின் தம்பிதான். இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

முதல் வாரமே ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து நின்றான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. விசில் வேணாம்னு இவங்கல்லாம் சொல்றாங்க."

"இவங்கல்லாம் சொல்றாங்களா? நீ என்ன தலைவனா, தபால்காரனா?"

"ரெண்டும்தான் மாமா" என்று சிரித்தான்.

வெட்கப்படவேண்டிய இடத்தில் சிரிப்பவனைத் தலைவன் என்று தாங்கள் சொல்வீர்களா, தெரியவில்லை. போட்டியில் கயிற்றின் கடைசியை இடுப்பில் சுற்றி நிற்பவனுக்கு நங்கூரம் என்று பெயர். எங்கள் நங்கூரம் எருமைக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பான். அவனிடம் போய்ப் பஞ்சு, "எதிராளி தளர்றது கயித்துல உனக்குத்தான் முதல்ல தெரியும். எப்ப இழுக்கணும்னு நீ சொல்லுண்ணே" என்றான். அந்த எருமையும் சொல்லத் தொடங்கியது. கொட்டகையில் இன்னும் மோசம். யார் வேண்டுமானாலும் "இரு" என்று கத்தலாம், உடனே பாரம் அந்தரத்தில் நிற்கும். மார்க்கெட்டில் மீன் பேரம் பேசுகிற மாதிரி மோட்டார் ஏற்றினார்கள்.

அந்த வருடம் கோப்பையை வென்றார்கள். வைக்க வேறு இடமில்லையென்று அதை ஸ்டோர் பீரோமேல் வைத்தார்கள். தினமும் அதற்குத் தூசி தட்டும் வேலையும் எனக்கு வந்தது. மேலாளர் ஒரு நாள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அதே ஆறு பேரு, அதே கையி. பாத்தீங்களா?" என்றார்.

பார்த்தேன். அந்தக் கைகள் யாருடையவை என்று ஒரு முறை சோதித்துப் பார்க்கவேண்டும் என்று அன்று தீர்மானித்தேன். வருடக்கணக்காக நான் பழக்கிய கைகள். நீளமாக ஊதினால் அவர்கள் யோசிப்பதற்கு முன்பே விரல்கள் விரியும். வட்டம் போட்டுக் காட்டி அதை அழித்துவிட முடியாது.

கயிற்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம்தான். விபத்து நடந்த அன்று காலை பஞ்சு வந்து, "இது நடுவுல பிரிஞ்சிருக்கு மாமா. ரேக்குல புதுசு ஒண்ணு பாத்தேனே" என்றான். புதியது இருந்தது. நான் கொடுக்கவில்லை. "கோப்பை வாங்கின கையாச்சே, இதைப் புடிக்க வராதா?" என்றேன். "சரி மாமா, பாத்துக்கறோம். அக்காகிட்ட ஞாயித்துக்கிழமை வரோம்னு சொல்லுங்க" என்று அதே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். இதை வைத்துத்தான் தாங்கள் என்னைக் கவனமில்லாதவன் என்கிறீர்கள். அது பிரிந்திருந்ததை அவனுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்.

முக்கியமானது அதற்குப் பிறகுதான். ஸ்டோரின் உள்கதவைத் திறந்தால் கொட்டகை தெரியும். மோட்டார் மார்பு உயரத்தில் தொங்கியது. அதை உட்காரவைக்க அடியில் போட்டிருந்த மரத்துண்டு நழுவியது. எவனோ "இரு" என்றான். எல்லோரும் பிடித்து நின்றார்கள். ஆளை அனுப்பவேண்டிய தலைவன், மரத்துண்டைச் சரிசெய்யத் தானே குனிந்து தலையை உள்ளே விட்டான். நான் பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஊதினேன். மோட்டார் இறங்கியது.

இவ்வளவுதான் நடந்தது. கயிறு அறுந்ததால் அவன் சாகவில்லை. நான் உத்தரவிட்டேன், ஆறு பேரும் கீழ்ப்படிந்தார்கள். அறிக்கையில் இருக்கவேண்டிய வாக்கியம் இதுதான்.

ஆனால் ஆறு பேரில் ஒருவனும் நேற்று விசிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் மேலுள்ள பயத்தில் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் நங்கூரத்தை நிறுத்திக் கேட்டேன்.

"விசில் கேட்டுதா இல்லையா?"

"கேட்டுச்சு. எல்லாருக்கும்தான் கேட்டுச்சு."

"கேட்டதும் விட்டுட்டீங்க."

"எங்க விட்டோம்? இந்தாளு ஊதறாரு, ஏதோ ஏடாகூடமா ஆவப்போவுதுன்னு இன்னும் இறுக்கிப் புடிச்சோம். இங்க பாருங்க." உள்ளங்கையைக் காட்டினான். தோல் உரிந்து சிவந்திருந்தது. "கயிறுதான் அறுந்துச்சு. நீங்க குடுத்த கயிறு."

"அப்ப விசிலைப் பத்தி ஏன் உள்ள சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? அதுனால ஒண்ணும் ஆகலையே."

அவன் புத்தி அவ்வளவுதான். உள்ளங்கை உரிந்திருக்கிறதென்றால் கயிறு கைக்குள் ஓடியிருக்கிறது, ஓடியதென்றால் விட்டிருக்கிறார்கள். விட்டுவிட்டு மறுபடி பிடித்திருப்பார்கள், அந்த உதறலில்தான் கயிறு அறுந்திருக்கும். ஆறாம் வகுப்புப் பையன்கூட இதைக் கணக்குப் போட்டுச் சொல்வான். ஆகவே கயிறு பற்றிய பத்தியை நீக்கிவிட்டு, ஆறு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசிலைப் பற்றி மட்டும் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்காக என்ன தண்டனை வந்தாலும் சம்மதம். கயிற்றுக்காக ஒரு எச்சரிக்கைக் கடிதத்தைக்கூட நான் வாங்கமாட்டேன்.

என் மனைவி தம்பி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். அவன் பெண்டாட்டிக்குத் துணையாக ஒரு வாரமாக அங்கேதான் தூங்குகிறாள். போகும் வழியில் தபால் பெட்டி இருக்கிறது, அவளிடம் கொடுத்தால் போட்டுவிடுவாள். என்ன, எதற்கு என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அவளை இரண்டு முறை கூப்பிட்டேன். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் நின்றது, பிறகு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. காதில் விழுந்திருக்காது.

உறையை ஒட்டுகிறேன். நானே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தூக்கும் குழுத் தலைவர்