செர்ரி பறித்த அன்று

முதலியார்பேட்டையில் பஸ் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"எங்கப்பா செத்த அன்னிக்கு நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன்டி."

தோழி திரும்பிப் பார்த்தாள்.

"பிரான்ஸ்ல படிக்கப் போயிருந்தேன்ல, லீவுல ரெண்டு மாசம். அன்னிக்கு கிளாஸே ஆத்தங்கரைக்குப் போனோம். மரத்துலேர்ந்து செர்ரி பறிச்சுத் தின்னோம். போட்டோல எல்லாத்துலயும் சிரிச்சிட்டிருக்கேன்."

"உனக்குத் தெரியாதுல்ல."

"பரீட்சை முடியட்டும்னு பத்து நாள் மறைச்சுட்டாங்க. போன் பண்ணா, அப்பா கடலுக்குப் போயிருக்காருன்னு எங்கம்மா சொல்லும். அழாம சொல்லும்."

பஸ் சிக்னலில் நின்றது.

"வந்து ஆறு மாசமாச்சு. அந்த ஊரு எப்படி இருந்துச்சுன்னு வீட்ல ஒருத்தரும் கேக்கல. எனக்கு அங்க ரொம்பப் புடிச்சிருந்துச்சுடி. அதை எப்படிச் சொல்றது?"

தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லு. மொத நாள்லேர்ந்து சொல்லு."

தங்கியிருந்த வீட்டையும், இரவு ஒன்பது மணிக்கும் மறையாத வெயிலையும் பற்றி அவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். கல்லூரி நிறுத்தம் வந்ததும் கண்டக்டர் இரண்டு முறை குரல் கொடுத்தார். இருவரும் இறங்கவில்லை.