மாடி ஏறாத சிக்னல்

...இல்ல தம்பி, இந்த வைஃபை டப்பாவுல கோளாறு இல்ல, லேப்டாப்புலயும் கோளாறு இல்லன்னு சொன்னா, அப்ப யாருகிட்டதான் கோளாறு? எங்கிட்டயா? ஹ ஹா... மொதல்ல உக்காருங்க. ஞாயித்துக்கெழமயும் அதுவுமா கடைய மூடிட்டு வந்துருக்கீங்க. செல்வநாதன் வூட்டுக்குப் போனேன், ஒரு டீ கூட குடுக்கலன்னு நாளைக்கு பஸ் ஸ்டாண்டு பூரா பேசுவாங்க. டீ நான்தான் போடணும். எங்க வூட்டம்மா இல்ல. சேத்தியாத்தோப்புல அது தங்கச்சி பேரனுக்கு ஞானஸ்நானம், காலயிலயே பஸ்ஸு ஏறிடுச்சி. போவும்போது என்னா சொல்லிட்டுப் போச்சி தெரியுமா? "கடக்காரரு வருவாரு, நான் சாயந்தரம் திரும்பி வரும்போது மாடியில உக்காந்து ரெஜினாகிட்ட பேசணும். டப்பா வேலைக்கு ஆவலன்னா மாடிக்கே ஒரு ஒயர இழுத்துடச் சொல்லுங்க"ன்னு. ஆர்டரு! முப்பது பேரு வேல பாக்குற கப்பு கம்பெனி, அங்க நான் மொதலாளி. வூட்டுக்குள்ள வந்தா ஆர்டர் எடுக்குற ஆளு.

ரெஜினா எம்பொண்ணு. மெல்போர்ன்ல இருக்கா. ஆஸ்திரேலியா. ஒரே பொண்ணு.

ஒயரு, ஒயருன்னு சொல்லுதே, இந்த வூட்டுக்கு மொதல்ல ஒயரு இழுத்தது யாருன்னு நெனக்கிறீங்க? எலெக்ட்ரீஷியனா? ரெஜினாதான்! கல்யாணத்துக்கு முன்னாடி. அந்தா ஓரமா போவுது பாருங்க நீல ஒயரு. ஹால் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, என் ஆபீஸ் ரூம்புக்கு ஒண்ணு. ஏணி மேல ஏறி நின்னுக்கிட்டு "அப்பா, கிளிப்பு குடுங்க"ம்பா. நான் கீழ நின்னு ஒண்ணொண்ணா எடுத்துக் குடுப்பேன். "ஒயரு வளைஞ்சி போவுதும்மா"ன்னு சொன்னேன். "உங்க கப்பு வளையாம இருக்குதா, அத பாருங்க"ன்னா. வாயி! யாரு பொண்ணு? என்னயத்தான் சொல்லணும். ஆனா ஒரு நா கூட அந்த ஒயரு மக்கர் பண்ணல தம்பி. எலி கூட கடிக்கல.

சக்கர எவ்ளோ போடட்டும்? அரையா? சரி.

அப்புறம் பொண்ணு அங்கேருந்து லேப்டாப்பு வாங்கி அனுப்புனா. அது வந்ததுலேருந்து எங்க வூட்டம்மாவுக்கு ஒரு எடத்துல உக்கார முடியல. ஒயரு எதுக்கு, எல்லா வூட்லயும் ஒயர்லெஸ்ஸாம், பக்கத்து வூட்டுக்காரம்மா சமையக்கட்டுல வெச்சி சீரியலு பாக்குதாம். சரி, ஆயிரம் டிகிரி சூளைய கட்டி மேய்க்கிறவனுக்கு இது ஒரு பெரிய விஷயமான்னு நானே பாண்டிச்சேரி போயி இந்த டப்பாவ வாங்கிட்டு வந்தேன். நானே மாட்டுனேன். உங்களுக்குத்தான் தெரியுமே! ஒயர்லெஸ்ஸும் வரல, நல்லாருந்த ஒயரும் போச்சி. ஹால் கம்ப்யூட்டரும் படுத்துடுச்சி, ஆபீஸ் கம்ப்யூட்டரும் படுத்துடுச்சி. நீங்க வந்து பாத்துட்டு சிரிச்சீங்க. நெட்டு வர்ற பழைய டப்பாவும் கம்ப்யூட்டருக்கு நம்பரு குடுக்குது, புது டப்பாவும் நம்பரு குடுக்குது, எது பேச்ச கேக்கறதுன்னு தெரியாம எல்லாம் முழிக்குதுன்னீங்க. இனிமே பழசு மட்டும் நம்பரு குடுக்கட்டும், புதுசு வெறுமன சிக்னல மட்டும் வீசட்டும்னு என்னத்தையோ தட்டுனீங்க, அஞ்சி நிமிஷத்துல சரியாப் போச்சி. அன்னைக்கு ராத்திரி நான் சாப்புடும்போது எங்க வூட்டம்மா சொல்லுது, "நம்ம வூட்லயும் அதே கததான், ரெண்டு பேரும் நம்பரு குடுத்தா எப்படி"ன்னு. நான் குனிஞ்சி சோத்த தின்னேன்.

இந்தாங்க, டீ. கப்பு நம்ம கம்பெனி கப்புதான். பயப்படாம புடிங்க, இது கைப்பிடி கழலாது. ஏன் அப்படி சொன்னேன்னா... ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்.

என்னா கேட்டீங்க? மாட்டுன அன்னைக்கு மாடியில நல்லா வந்துச்சே, இப்ப என்னாச்சின்னா? நல்ல கேள்வி. அதான் எனக்கும் புரியல. ஹால்ல சிக்னல் அஞ்சி கோடும் நிக்குது. படிக்கட்டுல கால் வெச்சதும் ரெண்டு. நடுப்படியில ஒண்ணு. மாடியில ஒண்ணுமே இல்ல. சொவரா இருக்குமோ? எங்கப்பா காலத்து சொவரு, ஒண்ணர கல்லு கனம். ஆங்? அன்னைக்கும் அதே சொவருதான்... ஆமா. அது சரிதான். அப்ப வெயிலா இருக்குமா? சிக்னலுக்கு வெயில் ஒத்துக்காதா? ஒத்துக்குமா... வேப்பூரு ரோட்டுல புதுசா டவரு போட்டுருக்கான், அது ஏதாவது... அதுவும் இல்லியா.

தம்பி, தம்பி, அங்க வாணாம். அது மாதா கெபி. போன மாசம்தான் கருப்புப் பாறைய அடுக்கி குகை மாதிரி கட்டுனேன். அலமாரி மேலயே, நம்ம கையால. உள்ள நிக்கிற மாதா சொரூபம் கூட நம்ம சூளையில வெந்ததுதான், மூக்கு கொஞ்சம் சப்பையா வந்துடுச்சி, எங்க வூட்டம்மா அதுவே அழகுன்னு சொல்லிடுச்சி. தெனம் சாயந்தரம் மெழுகுத்திரி கொளுத்துது. தொட்டா பாதிரியார் வந்து மந்திரிக்கணும். அட, டப்பா எங்கன்னா... டப்பா அந்தப் பக்கம்தான்... எங்கயோ... அந்த ஒயரா? அது மாதாவுக்கு சீரியல் லைட்டு போட்ட ஒயரு.

...நீல ஒயருல சீரியல் லைட்டு எரியாதா.

சரி, எடுக்காதீங்க. உக்காருங்க. உக்காருங்க தம்பி, சொல்லிடறேன். கதவ மட்டும் சாத்திட்டு வரேன், பக்கத்து வூட்டுக்காரம்மாவுக்கு பாம்புக் காது.

டப்பா மாதா பின்னாடிதான் இருக்குது. கெபிக்குள்ள. அந்தக் கருப்பு பாறைன்னு நெனச்சீங்களே, அது பாறை இல்ல, சூளை ஸ்லாப்பு. சூளைக்குள்ள கப்பு அடுக்கறதுக்குப் போடுவோம், பழசாயிடுச்சின்னா தூக்கிப் போட்டுடுவோம். அத நான் வெவரமா கண்டுபுடிக்கல, கர்த்தர் சத்தியமா. அலமாரி ஆடுதுன்னு ஒரு ஸ்லாப்ப எடுத்தாந்து டப்பாவுக்குப் பக்கத்துல முட்டுக் குடுத்தேன், அந்தப் பக்கம் கோடு கொறஞ்சிடுச்சி. அட, இது என்னாடா... இன்னொண்ணு வெச்சேன். இன்னும் கொறஞ்சிடுச்சி. பின்னாடி ஒண்ணு, மேல ஒண்ணு, படிக்கட்டுப் பக்கம் ரெண்டு. முன்பக்கம் மட்டும் தொறப்பு. தொறப்புக்கு நேரா என்னா இருக்குது? அந்த சோபா. அங்க உக்காந்தா மட்டும் அஞ்சி கோடு. சும்மா கருப்பா அடுக்கி வெச்சா எங்க வூட்டம்மா கேக்கும், அதனால முன்னாடி மாதாவ நிறுத்திட்டேன். மாதாவையே கூட்டு சேத்துட்டேன் தம்பி! எங்க வூட்டம்மா கண்ணுல தண்ணி வுட்டுடுச்சி, "இத்தினி வருஷத்துல இப்பதான் உங்களுக்கு பக்தி வந்துருக்குது"ன்னு. நான் என்னா சொல்றது? "ஆமா, வந்துடுச்சி"ன்னேன்.

சிரிங்க, சிரிங்க. சிரிக்க வேண்டிய விஷயந்தான்.

எதுக்குன்னு கேக்குறீங்களா? அது வந்து... ரெஜினா எங்கிட்ட பேசறதில்ல தம்பி. நானும் அவகிட்ட பேசறதில்ல. ரெண்டு வருஷமாச்சி. பெரிய சண்டன்னு நெனக்காதீங்க. ஒரு கப்பு. அவ புருஷன் வூட்டுக்காரங்க ஊருக்கு வந்திருந்தப்ப ரெண்டு டசன் கப்பு குடுத்தனுப்புனேன், பூப்போட்டது, அவ பேரு எழுதுனது. அங்க போயி ஒரு நா சம்பந்தியம்மா டீ குடிக்கும்போது கைப்பிடி கழண்டு, டீ அவங்க மடியிலயே ஊத்திடுச்சி. அவ போன்ல சிரிச்சிக்கிட்டேதான் சொன்னா. "அப்பா, உங்க கப்பு என் மாமியாருக்கு ஞானஸ்நானம் குடுத்துடுச்சி"ன்னு. சிரிச்சிட்டு வுட்டுருக்கலாம் இல்ல? எனக்கு சுர்ருன்னு வந்துடுச்சி. "இருவது வருஷமா கப்பு போடறவனுக்கு நீ சொல்லித் தரியா, நீங்க தூக்கிப் போட்டு புடிச்சிருப்பீங்க"ன்னேன். அவ ஒண்ணு சொன்னா, நான் ரெண்டு சொன்னேன். கடைசியா, "இனிமே எனக்கு போன் பண்ணாத"ன்னு சொல்லிட்டேன். சொன்ன பேச்ச கேக்காத பொண்ணு, அத மட்டும் கேட்டுட்டா.

கப்பு ஈரமா இருக்கும்போதே கைப்பிடிய ஒட்டணும் தம்பி. காஞ்சதுக்கப்புறம் ஒட்டுனா ஒட்டுன மாதிரி நடிக்கும். அந்த லாட்டுல மிச்சம் இருந்த கப்ப எடுத்து நானும் இழுத்துப் பாத்தேன். மூணு கைப்பிடி கையோட வந்துடுச்சி... அத வுடுங்க.

ஹால் கம்ப்யூட்டர் மட்டும் இருந்தவரைக்கும் எனக்கு ஒண்ணும் கஷ்டம் தெரியல. எங்க வூட்டம்மா இங்க உக்காந்து கேமரா போட்டுப் பேசும். நான் இந்தப் பக்கம் பேப்பர விரிச்சி வெச்சிக்கிட்டு உக்காந்துருப்பேன். படிக்கிற மாதிரி. ஒரு வரி ஏறாது. அவ கொரலு ஹால் பூரா கேக்கும். ஆபீஸு, கொழம்பு, குளுரு, அவ மேனேஜரு, எல்லாம் பேசிட்டு, வெக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பா: "அப்பா என்னா பண்றாரு?" எங்க வூட்டம்மா "ம், இருக்காரு"ன்னும். அவ்ளோதான். அதுக்குத்தான் நான் ஒரு மணி நேரம் பேப்பர புடிச்சிக்கிட்டு உக்காந்துருக்கறது.

லேப்டாப்பு மாடிக்குப் போச்சி, அதுவும் போச்சி. மாடியில ரெண்டு பேரும் சிரிக்கிறது கேக்குது, என்னா பேசறாங்கன்னு கேக்கல. ஒரு நா செடிக்கு தண்ணி ஊத்தற மாதிரி மாடிக்குப் போனேன். அங்க செடியே இல்ல. வெறும் பக்கெட்டோட நின்னேன். எங்க வூட்டம்மா என்னய ஒரு பார்வ பாத்துச்சி பாருங்க... அந்த வாரந்தான் கெபி கட்டுனேன்.

கட்டி என்னா ஆச்சி? லேப்டாப்பு கீழ வந்துச்சி, நானும் பேப்பரோட உக்காந்தேன். போன வாரம் எல்லாம் பேசுனா. கடைசியில "சரிம்மா, வெக்கிறேன்"ன்னா. வெச்சிட்டா. என்னய கேக்கல. மறந்துட்டாளா, இல்ல, இனிமே கேக்க வாணாம்னு வுட்டுட்டாளா? ஒரு வாரமா சூளைக்கிட்ட நின்னா கூட அதே நெனப்புதான்.

அதனால தம்பி, எங்க வூட்டம்மாகிட்ட இந்த வூடு அமைப்பே சரியில்ல, சிக்னலும் மாடி ஏறாது, ஒயரும் ஏறாதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. உங்களுக்கு ஆறு கப்பு செட்டு தரேன். நல்ல லாட்டு... ஏன் மாட்டேன்னு தலையாட்டறீங்க?

...நானேவா? நான் எப்படிங்க கூப்புடறது? போன் பண்ணாதன்னு சொன்னவனே நான்தான். கூப்புட்டு, அவ எடுக்கலன்னா? இப்ப பேசலன்னாலும் பேசுவான்னு ஒரு இது இருக்குது. எடுக்காம வுட்டுட்டா அதுவும் போச்சி இல்ல?

ஏங்க... இந்த ஹால் கம்ப்யூட்டரு பழைய ஒயருல தனியா வேல செய்யுமா? மாடியில லேப்டாப்பு ஓடுனாலும்? ரெண்டும் ஒண்ணாவேவா? ம். அப்ப ஒண்ணு செய்ங்க. ஸ்லாப்ப எடுத்துடுங்க. ஆமா, எடுத்துடுங்க, மாதாவ மட்டும் பதமா இறக்குங்க. எங்க வூட்டம்மா மாடிக்குப் போவட்டும், அது பொண்ணுகிட்ட அது பேசட்டும். நீங்க இந்த ஹால் கம்ப்யூட்டருலேருந்து ரெஜினாவுக்கு ஒரு கால் போடுங்க. நீங்கதான் போடணும். லைன் டெஸ்ட்டு பண்றோம்னு சொல்லுங்க. கடையிலேருந்து வந்துருக்கேன், படம் தெரியுதா, சத்தம் கேக்குதான்னு கேளுங்க. நான் இங்க சும்மா நிக்கிறேன். அங்க இப்ப சாயந்தரம், ஞாயித்துக்கெழம, வூட்லதான் இருப்பா.

போவுதா? மணி அடிக்குதா? எடுக்க மாட்டா, வெச்சிடுங்க தம்பி, வேலையா இருப்பா, வெச்சி...

...எடுத்துட்டா.

சொல்லுங்க, டெஸ்ட்டுன்னு சொல்லுங்க. தம்பி, எங்க எழுந்துக்குறீங்க? பைய எதுக்கு எடுக்குறீங்க? டீ பாதி அப்படியே கெடக்குது, தம்பி, இருங்க! செருப்ப மாட்டாதீங்க...

...ம். நான்தாம்மா.

ஒண்ணுமில்ல, ஒயரு டெஸ்ட்டு பண்றோம். கடக்காரரு வந்தாரு. இப்பதான் போனாரு. படம் தெரியுதா? எனக்குத் தெரியுது. எளச்சிட்ட... அம்மா இல்லம்மா. சேத்தியாத்தோப்பு போயிருக்குது. சாயந்தரம் வந்துடும், மாடியிலேருந்து பேசும், இனிமே மாடியில நல்லா வரும். அப்ப... வெச்சிடவா?

ஆங்?

வெக்க வாணாமா?

சரிம்மா. அழுவாத. வெக்கல.